தங்கைக்கு ஆட்டிசமும் இருக்கிறது, அனோரெக்சியாவும் இருக்கிறது: நான் எந்தப் பக்கம் நிற்பது?

வாசகர் கேள்வி: என் தங்கைக்கு 19 வயது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தவளுக்குப் போன வருடம் அனோரெக்சியா என்று சொன்னார்கள். சிகிச்சை எதுவும் ஒட்டவில்லை. சில மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவர் பார்த்துவிட்டு, ஆட்டிசமும் இருக்கிறது என்றார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரே தட்டு, ஒரே நாற்காலிதான். தட்டில் இருப்பவை ஒன்றோடொன்று படக்கூடாது. அதெல்லாம் அவள் சுபாவம் என்று விட்டுவிட்டோம். இப்போது தனித் தட்டு, தனி நேரம் என்று அவள் கேட்டால், அது நோயின் தந்திரம், இடம் கொடுக்காதீர்கள் என்று சிகிச்சைக் குழுவில் சொல்கிறார்கள். அப்பாவும் அதையே சொல்கிறார். அம்மா அழுதுகொண்டு அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறார். "குண்டாகிவிடுவேன் என்ற பயமே எனக்கு இல்லை" என்று தங்கை சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள், அதுவும் போனில் டைப் செய்து. நான் எந்தப் பக்கம் நிற்பது? இவள் தேறுவாளா?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தப் பக்கம் என்ற கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதலில் உடம்பு. அனோரெக்சியா, அதாவது உடம்பு மெலிந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய், மனநல நோய்களிலேயே உயிராபத்து மிக அதிகமுள்ளவற்றில் ஒன்று. உங்கள் தங்கை விஷயத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பசி, வயிறு நிறைவது, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு போன்ற உள்ளிருந்து வரும் சமிக்ஞைகள் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தெளிவாக எட்டுவதில்லை. சிலருக்கு மிக மங்கலாக எட்டும், சிலருக்குத் தாங்க முடியாத அளவுக்கு உரக்க எட்டும். அதனால் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வதை நம்பாமல் அளந்து தெரிந்துகொள்ளுங்கள். நாடித்துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபிறகும் ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவு, ஈ.சி.ஜி. இவற்றையெல்லாம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பார்க்க வேண்டும்.

விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 40க்குக் கீழே போனாலோ, மயங்கி விழுந்தாலோ, தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ, தண்ணீரையும் நிறுத்திவிட்டாலோ, குழம்பிப் பேசினாலோ, சாகவேண்டும் என்று சொன்னாலோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்று: பல நாட்கள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு, சாப்பிடச் சம்மதித்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுத்துவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். அளவை ஏற்றுவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

சரி, இனி நீங்கள் கேட்டவை.

இந்த இரண்டும் ஒருவருக்கே இருப்பது அபூர்வமில்லை. ஆட்டிசத்துக்கும் அனோரெக்சியாவுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியை ஸ்வீடன் மனநல மருத்துவர் கிறிஸ்டோஃபர் கில்பெர்க் 1983லேயே எழுப்பினார். அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெறும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஆட்டிசம் உடையவர்களாகவோ, அதன் கூறுகள் மிகுந்தவர்களாகவோ இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்வதால் ஆட்டிசம் பல வருடம் கண்ணில் படாமலே போகிறது. சாப்பாட்டுப் பிரச்சினைக்காக வந்த இடத்தில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. உங்கள் வீட்டில் யாரும் அசட்டையாக இருந்துவிடவில்லை.

ஆனால் இதில் ஒரு குழப்பம் வரும், சிகிச்சைக் குழு தயங்குவதற்கும் அது காரணமாக இருக்கலாம். பட்டினியே மனிதரை இறுக்கமாக்கிவிடும். 1944-45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். அதற்குமுன் சாதாரணமாக இருந்தவர்கள், ஒரு வேளை உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். ஆகவே இன்று உங்கள் தங்கையிடம் தெரியும் பிடிவாதத்தில் எது பிறவிக் குணம், எது பட்டினியின் விளைவு என்று இன்றைய நிலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவருடைய நான்கு வயதையும் ஏழு வயதையும் பார்க்க வேண்டும். அந்த வயதில் அவரைப் பார்த்தவர்கள் நீங்கள்தான். ஒரே தட்டு, ஒரே நாற்காலி என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியது மிக முக்கியமான மருத்துவத் தகவல். அம்மாவோடு உட்கார்ந்து இன்னும் நினைவுபடுத்தி எழுதுங்கள். எந்தத் துணியை உடுத்த மாட்டேன் என்பார், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார், விருந்தினர் வந்தால் என்ன செய்வார், எந்த உணவை எந்த வயதிலிருந்து தொடுவதில்லை. அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.

அடுத்தது, குண்டாகும் பயம் இல்லை என்று அவர் சொல்வது. அவரை நம்புங்கள். அந்தப் பயத்தை வாயால் ஒப்புக்கொண்டால்தான் அனோரெக்சியா என்று எந்த விதியும் இல்லை. மனநல நோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5, 2013இல் வந்தபோதே, எடை கூடுவதைத் தொடர்ந்து தடுக்கும் நடத்தை இருந்தால் போதும் என்று சேர்த்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் காரணங்கள் வேறு மாதிரி இருக்கலாம். வயிறு நிறைந்த உணர்வே சிலருக்குச் சகிக்க முடியாத வேதனை. பருவ வயதில் தன்னைக் கேட்காமலே உடம்பு மாறியது சிலருக்குப் பெரிய அதிர்ச்சி, சாப்பிடாமல் இருந்தால் அந்த மாற்றம் நின்றுவிடும் என்று கண்டுபிடித்திருப்பார்கள். பள்ளியில் யாரோ சர்க்கரை கெட்டது, கொழுப்பு கெட்டது என்று பொதுவாகச் சொன்னதை அட்சரம் பிசகாத சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எண்களில் மனம் ஒன்றி, கலோரியும் எடையும் முழு நேர ஈடுபாடாகிப் போனவர்களும் உண்டு. பல பெண்கள் சொல்கிற இன்னொரு காரணம்: பட்டினி கிடந்தால் எல்லாம் மரத்துப்போகிறது, உலகத்தின் இரைச்சலும் மனதின் கொந்தளிப்பும் அடங்கிவிடுகிறது என்பது.

உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை எந்த வடிவத்திலும் இல்லை, உணவின் தன்மையோ அதன்மீதான அச்சமோ மட்டும்தான் காரணம் என்று தெரிந்தால், நோயின் பெயரே மாறலாம். ஆர்ஃபிட் என்ற தவிர்ப்பு உணவுக் கோளாறு தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறுபடும் என்பதால் இதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்கள் தங்கைக்கு என்ன காரணம் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். "ஏன் சாப்பிடவில்லை? என்ன ஃபீல் பண்ணுகிறாய்?" என்று கேட்டால் பதில் வராது. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே அவருக்குக் கடினமாக இருக்கலாம். டைப் செய்து பேசுகிறவராயிற்றே, நான்கைந்து சாத்தியங்களை எழுதி அனுப்பி, எது பொருந்துகிறது, 0 முதல் 10க்குள் எவ்வளவு பொருந்துகிறது என்று கேளுங்கள். "எதுவுமில்லை" என்பதையும் ஒரு விடையாகச் சேர்த்து அனுப்புங்கள்.

இனி எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பா பாதி சரி, அம்மா பாதி சரி. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதில் யாரும் இறங்கி வரக்கூடாது. மருத்துவரும் டயட்டீஷியனும் நிர்ணயித்த அளவு உடம்புக்குப் போயே ஆக வேண்டும், அங்கே அப்பாவின் உறுதி தேவை. ஆனால் எந்தத் தட்டில், எந்த நேரத்தில், யாருடன், எந்த வெளிச்சத்தில், எதை எதோடு படாமல் என்பதிலெல்லாம் தாராளமாக இறங்கி வரலாம். அங்கே தங்கை கேட்பதைக் கொடுப்பது நோய்க்கு இடம் கொடுப்பதாகாது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் போடுவதுபோல அது அவருக்கு வேண்டிய வசதி. சிகிச்சை ஒட்டாமல் போனதற்கு, இந்த இரண்டையும் ஒரே பிடிவாதமாகப் பார்த்ததுதான் பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். சமையலறையிலிருந்து தாளிப்பு வாசனை வருகிறது. ஸ்டீல் ஸ்பூன் தட்டில் உரசுகிறது. பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம். தலைக்கு மேலே டியூப்லைட்டின் ரீங்காரம். டிவி ஓடுகிறது. நான்கு பேர் பேசிக்கொண்டே, பார்க்காததுபோல அவர் தட்டையே பார்க்கிறார்கள். நமக்கு இதில் எதுவும் உறைக்காது. இதையெல்லாம் ஒரே நேரத்தில் முழு வீச்சில் வாங்குகிறவருக்கு முதல் வாய் எடுப்பதற்குள்ளேயே தெம்பு தீர்ந்துவிடும். அதன்பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அதை அனோரெக்சியாவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஸ்பூனை மாற்றுவது, காதில் ஹெட்ஃபோன், தனி அறையில் உங்களில் ஒருவர் மட்டும் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது, சமைத்து முடித்து வாசனை அடங்கியபின் பரிமாறுவது போன்றவற்றைச் செய்துபார்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. கூட யாராவது இருக்க வேண்டும் என்பது மட்டும் அவசியம். ஹெட்ஃபோன் வேண்டுமா என்பது அவர் இஷ்டம்.

அடுத்து, என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவது. வாரத்துக்கான உணவுத் திட்டத்தை அவரோடு சேர்ந்து எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு மாற்று என்ன என்பதும் அதிலேயே இருக்கட்டும். பேச்சும் அப்படித்தான் இருக்க வேண்டும். "கொஞ்சமாவது சாப்பிடு" என்றால் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. "இந்தக் கிண்ணத்தில் இருப்பது முழுவதும், அரை மணி நேரத்தில்" என்று சொல்லுங்கள். "இன்னும் ரெண்டே வாய்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாய்க்குக் கெஞ்சாதீர்கள். நமக்கு அது பாசம், அவருக்கு அது வாக்குத் தவறியது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவருக்குத் தெரியாமல் உணவில் எண்ணெயோ, வெண்ணெயோ, சத்து மாவோ ஒருபோதும் கலக்காதீர்கள். பயத்தில் நிறையக் குடும்பங்கள் இதைச் செய்துவிடுகின்றன. ருசியிலும் மணத்திலும் வரும் மிகச் சிறிய மாற்றம்கூட அவருக்குத் தெரிந்துவிடலாம். தெரிந்துவிட்டால், நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு உணவும் கைவிட்டுப் போகும், அதைத் தந்தவர்மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் சொல்லிவிட்டு, எவ்வளவு என்று காட்டி, அவர் கண்ணெதிரே சேர்க்கலாம்.

தினம் ஒரு புது உணவு, எல்லா வகையும் சாப்பிட வேண்டும் என்ற இலக்கை இப்போதைக்குத் தள்ளிவைக்கும்படி டயட்டீஷியனிடம் கேளுங்கள். மூளைக்கு முதலில் சக்தி போய்ச் சேர வேண்டும். அவர் ஏற்றுக்கொள்ளும் ஏழெட்டு உணவுகளிலேயே அளவைக் கூட்டி, குறைகிற சத்தை வேறு விதத்தில் ஈடுகட்ட முடியும்.

அப்படியானால் எதை மறுத்தாலும் புலன் சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடலாமா? கூடாது. அம்மா கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நான் குடும்பங்களிடம் உணவுகளை இரண்டு பட்டியலாக எழுதச் சொல்வேன். ஐந்து வயதிலும் வேண்டாம் என்றவை, இப்போதும் வேண்டாம் என்பவை ஒரு பட்டியல். குழகுழப்பாக இருக்கும், வாசனை குமட்டும், தோல் தட்டுப்படும் என்று காரணமும் பெரும்பாலும் அப்போதே சொல்லியிருப்பார். இவற்றைத் திணிக்க வேண்டாம். முன்பு விரும்பிச் சாப்பிட்டு, நோய் வந்தபிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டவை மற்றது. பெரும்பாலும் சக்தி அதிகமுள்ளவையாக இருக்கும். மெதுவாக, திட்டமிட்டு, சிகிச்சையின் ஒரு பகுதியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியவை இவைதான். பழக்கங்களையும் இதேபோலப் பாருங்கள். ஆட்டிசத்தின் வழக்கம் வருடக்கணக்காக ஒரே அளவில் நிற்கும். அனோரெக்சியாவின் வழக்கம் சுருங்கிக்கொண்டே போகும். ஒரே தட்டு என்பது வேறு, மாதாமாதம் தட்டு சின்னதாகிக்கொண்டே வருவது வேறு. சில விஷயங்களில் இரண்டும் கலந்தே இருக்கும், பிரிக்கவே முடியாது. அங்கே அளவைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதை விட்டுப்பிடியுங்கள்.

நடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் ஓயாமல் நடந்துகொண்டோ காலை ஆட்டிக்கொண்டோ இருந்தால், அது கலோரி எரிப்பதற்காக மட்டும்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைச் சமன்படுத்திக்கொள்ள உடலை அசைப்பார்கள். உடம்பு பலவீனமாக இருப்பதால் நடையைக் குறைக்கத்தான் வேண்டும். அதைப் பிடுங்கும்போது பதிலுக்கு வேறொன்றைக் கொடுங்கள்: ஆடும் நாற்காலி, கனமான போர்வை, கையில் உருட்ட ஏதாவது.

சிகிச்சைக் குழுவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நோய் உண்மையிலேயே பேரம் பேசும். ஆனால் ஆட்டிசத்துக்கு ஏற்ப இந்தச் சிகிச்சையை மாற்றலாம் என்பது புதிய யோசனை இல்லை என்று அவர்களிடம் சொல்லலாம். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையின் உணவுக் கோளாறு பிரிவில் பேராசிரியர் கேட் சந்தூரியாவின் குழு, பீஸ் பாத்வே என்ற பெயரில் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. நிறமும் மணமும் ருசியும் மிதமாக இருக்கும் மாற்று மெனு, கண்ணை உறுத்தாத வார்டு, புலன்களை அமைதிப்படுத்தும் பொருட்கள், தன்னிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நோயாளியே எழுதித் தரும் குறிப்பு என்று பல ஏற்பாடுகள் அதில் உண்டு. அந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் இந்த வாரமே செய்யலாம். தங்கையோடு சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "என்னிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பதில் சொல்ல நேரம் வேண்டும், எழுதித் தருவேன். திட்டம் மாறினால் முதல் நாளே சொல்லுங்கள். முகத்தில் எதுவும் தெரியாவிட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தமில்லை." வார்த்தைகள் அவருடையதாக இருக்கட்டும். அடுத்த சந்திப்பில் அதைக் கொடுத்துவிட்டு, "அளவில் நாங்கள் உங்களோடு நிற்கிறோம், சாப்பிடும் விதத்தில் இவற்றை மாற்றித் தர முடியுமா?" என்று அப்பாவே கேட்டால் இன்னும் நல்லது. எடை பார்க்கும்போது எண்ணை அவரிடம் காட்டலாமா வேண்டாமா என்பதையும் அங்கேயே பேசி முடிவுசெய்யுங்கள். எண் தெரியாமல் இருப்பது சிலருக்குப் பெரிய வதை, தெரிவது சிலருக்கு.

உங்களைப் பற்றியும் ஒன்று. அவர் உங்களுக்கு டைப் செய்து அனுப்புவதை அப்பா அம்மாவுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். அவருக்கு 19 வயது, எதை யாரிடம் சொல்லலாம் என்பது அவர் முடிவு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லிவிடுவேன் என்பதை இப்போதே, நிதானமான ஒரு நேரத்தில், எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வேளாவேளைக்குத் தட்டைக் கண்காணிக்கும் வேலையைப் பெற்றோர் பார்க்கட்டும். நீங்கள் அக்காவாக இருங்கள். உங்களுக்குத் தூக்கம் கெட்டால், யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால், உங்களுக்கென்று ஒரு ஆலோசகரைப் பார்ப்பதில் தயங்காதீர்கள்.

தேறுவாளா என்று கேட்டீர்கள். அனோரெக்சியாவிலிருந்து தேற முடியும், ஆட்டிசம் உள்ளவர்களும் தேறுகிறார்கள். வேகம் குறைவாக இருக்கலாம், நடுவில் சறுக்கலாம். ஆட்டிசம் போகாது, போக வேண்டியதும் இல்லை. ஆகவே தேறிய பிறகு நான்கு பேரோடு மேசையில் உட்கார்ந்து வைத்ததையெல்லாம் சாப்பிடும் ஒருவரை எதிர்பார்க்காதீர்கள். எடை நிலைத்து, நின்றுபோயிருந்தால் மாதவிடாய் திரும்பி, எலும்பும் இதயமும் பலப்பட்டு, நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைக்காமல் வேறு எதையாவது நினைக்க முடிகிறது என்றால், அதே பத்து உணவுகளை அதே தட்டில் தனியாக உட்கார்ந்து ஆயுசு முழுக்கச் சாப்பிட்டாலும் அவர் தேறியவர்தான்.

அந்த வேறு எதையாவது என்பது என்ன என்று இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள். அனோரெக்சியா அவருக்கு ஒழுங்கையும், எண்களையும், நான் இதில் கெட்டிக்காரி என்ற நிறைவையும் கொடுத்து வந்திருக்கலாம். அதை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகும், அந்தக் காலியிடத்துக்குப் பயந்தே பலர் நோயை விட மறுக்கிறார்கள். நோய்க்கு முன்னால் அவர் மணிக்கணக்காக எதில் மூழ்கிக் கிடப்பார்? வரைபடங்களோ, பூச்சிகளோ, ஒரு மொழியோ, பழைய ரயில்களோ, எதுவாக இருந்தாலும் சரி. எடை ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாமல், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு, உட்கார்ந்தபடியே, தினம் அரை மணி நேரமாவது அதற்கு ஒதுக்கித் தாருங்கள். அந்த நேரத்தையும் வாரத் திட்டத்தில் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே எழுதிவிடுங்கள்.